நோன்பு நாளில் ருசி பார்த்தவள்

ஜொஹரா பீவி பிறந்தது 1932இல், உத்தமபாளையத்தில். இருபுறமும் மலை, நடுவே முல்லையாறு, ஆற்றுநீர் பாயுமிடமெல்லாம் திராட்சைப் பந்தல் என்றிருந்த கம்பம் பள்ளத்தாக்கில் அவளைப் பெற்ற அத்தாவுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். பந்தலின் கீழ் வளர்ந்தவள். கொட்டையைக் கடித்த மாத்திரத்தில், பழத்தை எத்தனை நாள் முந்தி அறுத்தார்கள் என்று சொல்லிவிடுவாள். 1952இல், மலை தாண்டிக் கடலோரத்து மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் பழக்கிடங்கு வைத்திருந்த தாவூது ராவுத்தருக்கு வாழ்க்கைப்பட்டாள். முன்கட்டு கிடங்கு, பின்கட்டு வீடு, இடையில் ஒரு மரக்கதவு. குமுளி வழியாக லாரியில் வரும் பழத்தை ருசி பார்ப்பது கதவுக்கு அந்தப் பக்கத்து வேலை. ஒன்பது வருஷமாக அவளை யாரும் கேட்டதில்லை.

1961 மார்ச் முதல் தேதி, புதன்கிழமை, ரமலான் மாதம். வைப்பின் தீவிலிருந்து ஓர் அச்சன், மாதாகோயில் பாதிரியார், வள்ளத்தோடு வந்திருந்தார். வருஷம் முழுவதும் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தை அவர் ஒரே முறையில் போட்டுவைப்பார். சென்ற வருஷம் போட்டது புளித்துப் போயிருந்தது.

"இந்தத் தடவையும் புளிச்சா, தாவூதே, நான் எர்ணாகுளத்துல வேற ஆளைப் பார்க்கும், கேட்டோ."

கிடங்கில் இரண்டு சரக்கு இருந்தன. ஒன்று ஜொஹராவின் அத்தா தோட்டத்தது. மற்றது காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவருடையது. நீரோட்டம் மாறுவதற்குள் வள்ளம் கிளம்பியாக வேண்டும். ராவுத்தருக்கோ நோன்பு.

"அச்சன் ஒண்ணு வாயில போட்டுப் பார்க்கட்டும்."

"எங்களுக்கும் இப்ப அம்பது நோம்பாக்கும். மதுரம் தொடறதில்லைன்னு நேர்ச்சை."

ராவுத்தர் யூதர் தெருவுக்கு நடந்து, வீட்டிலேயே ரசம் போட்டுப் பழகிய எலியாவைக் கூப்பிட்டார். அவருக்கு அன்று எஸ்தர் நோன்பு. மிஞ்சியவர் குமாஸ்தா வெங்கிட்டு மட்டுமே. அவர் இரண்டிலும் பத்துப் பன்னிரண்டு பழம் தின்றார்.

"இது நன்னாருக்கு ராவுத்தரே."

"அது?"

"அது இதைவிட நன்னாருக்கு. ஆனா இது... இன்னும் ரெண்டு குடுங்கோ, சொல்றேன்."

"வேப்பம்பழத்தைக் குடுத்தாலும் நீரு ஒண்ணாந்தரம்னுதான் சொல்லுவீரு."

கதவுக்குப் பின்னால் நின்ற ஜொஹராவுக்கு மூன்று நாளாக நோன்பு இல்லை. மாதந்தோறும் பெண்களுக்கு வரும் விலக்கு நாட்கள். அடுப்படியைச் சாத்திக்கொண்டு பழையசோறு உண்பதும், வெளியே நோன்பாளியின் முகத்தோடு வருவதும் அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். இப்போது ருசி பார்த்தால் மூன்று ஆண்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பார்க்காவிட்டால் வாடிக்கை போய்விடும்.

கதவு ஒரு சாண் திறந்தது.

"ஏங்க, ரெண்டுலயும் ஒரு கொத்து குடுங்க. கழுவித் தர்றேன்."

"கழுவி யாரு திங்கப் போறா? இவருதான் கழுவாமலே..." என்று தொடங்கிய ராவுத்தர் பாதியில் நிறுத்தினார். அவர் காது சிவந்தது. இரண்டு கொத்தையும் தட்டில் வைத்து உள்ளே நீட்டினார்.

அத்தா தோட்டத்துப் பழம் நாக்கில் பட்டதும் தண்ணீராக ஓடியது. கொட்டை பச்சையாக இருந்தது. மழை பெய்த ஈரத்திலேயே அறுத்திருக்கிறார். மற்றதன் தோல் தடிப்பு, கொட்டை நல்ல பழுப்பு, விழுங்கிய பிறகும் இனிப்பு தங்கியது. அத்தா பழத்தில் இன்னொன்றையும் கடித்துப் பார்த்தாள்; அதிலும் கொட்டை பச்சை. பிறகு ஒரு கொத்தை மட்டும் வெளியே கொடுத்தாள்.

"இதை ஏத்துங்க. அத்தா பழம் சும்மா திங்க ஆகும், அச்சனுக்கு ஆகாது."

"தின்னு பார்க்காம அவங்களுக்கு எப்படி அறியும்?" என்றார் அச்சன்.

"கழுவினாலே தெரிஞ்சுக்குவா."

ஆறு சகோதரிகளோடு பிறந்த அச்சன் கிடங்கின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "எங்க வீட்லயும் இப்படிக் கழுவுவாங்க. ஏத்திக்கோ."

வெங்கிட்டுவுக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை.

வள்ளம் போனபின் ராவுத்தர் கதவருகே வந்தார். "அத்தா கூடையெல்லாம் அப்படியே நிக்குதே. நான் எழுதினா மாமா கோவிச்சுக்குவார்."

"நான் எழுதுறேன்."

கல்யாணத்துக்குப் பின் அத்தாவுக்கு அவள் எழுதிய கடிதங்களில் நலம் விசாரிக்காத கடிதம் அது ஒன்றுதான்: 'மழை விட்டு அஞ்சு நாள் கழிச்சு அறுங்க. கொட்டை பழுக்காம அனுப்பினா திருப்பி விட்ருவேன்.' பதில் வரவில்லை. அடுத்த சரக்கு ஆறு நாள் பிந்தி வந்தது. தட்டு உள்ளே போனது. ஜொஹரா ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, முழுச் சரக்கையும் இறக்கச் சொன்னாள்.