எத்தனையில் நாலு?

ஆவடி பக்கத்துக் கோவில்பதாகை ஊரில் துலுக்கானம் என்ற பெயரில் மூன்று பேர் இருந்ததால் இவரைப் பேப்பர் துலுக்கானம் என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் பத்தாம் வகுப்பு முடித்துப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். கடைசல் எந்திரத்தில் செதுக்கி வரும் இரும்பு உருப்படிகளை அளந்து, தேறியதையும் தேறாததையும் பிரிப்பது வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம், ஊருக்குள் வரவேண்டிய பேருந்து பதினோரு நாளாக வராததை ஒரு மாலைப் பத்திரிகைக்கு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டார். அது அச்சில் வந்தது, பேருந்தும் வந்தது. அதிலிருந்து ஷிப்ட் முடிந்த நேரத்தில் அவர் அந்தப் பத்திரிகைக்கு ஆவடி, பூந்தமல்லிச் செய்தியாளர்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மே மாதம். பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில், சுன்னத்து செய்த புண் ஆறாமல் எட்டுச் சிறுவர்கள் வந்ததாகவும், அதில் நாலு பேருக்குச் சீழ் வைத்திருந்ததாகவும் டாக்டர் சொன்னார். துலுக்கானம் அதைக் கேட்டபடியே எழுதி அனுப்பினார். மறுநாள் முதல் பக்கத்தில், 'சுன்னத்து செய்த சிறுவர்களில் பாதிப் பேருக்குச் சீழ்' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

அந்த வாரமே ரகளை ஆகிவிட்டது. சுன்னத்தையே தடை செய்ய வேண்டும் என்று கடிதங்கள் வந்தன. மார்க்க விஷயத்தில் தலையிடாதே என்று மறுபக்கம் எழுதினார்கள். பத்திரிகை இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு விற்றது. பாடி நிறுத்தத்தில் நின்று அதைப் படித்த துலுக்கானத்துக்கு, தேறாத உருப்படியைத் தன் கையாலேயே முத்திரை போட்டு அனுப்பிவிட்டது போல இருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்கள் புண் ஆறாதவர்கள். ஆறியவன் எதற்கு வரப்போகிறான்? மொத்தம் எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்று தான் கேட்கவே இல்லையே.

அந்த மருத்துவமனையில் ஊசி போடும் பேபி பூந்தமல்லிக்காரி, முஸ்லிம் வீட்டுப் பெண். எந்தெந்த வீட்டில் பிள்ளைக்குச் சுன்னத்து செய்து மாலை போட்டு விருந்து வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கக் கூட வரும்படி துலுக்கானம் அவளைக் கேட்டார். முதலில் அவள் மறுத்தாள். அந்தச் செய்திக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் கேலி தாங்கவில்லை என்றாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள்.

முதல் வீட்டிலேயே பையனின் அப்பா, எழுதியது நீதானா என்று வாசலை மறித்தார்.

"நான்தான் பாய். அரைகுறையா எழுதிட்டேன். முழுசா எழுதணும்னா உங்க ஊட்டுக் கணக்கும் வோணும்."

அவர் வாசலை விட்டு விலகிப் பையனைக் கூப்பிட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தார்கள். அந்தக் கோடையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சுன்னத்து ஆகியிருந்தது. சீழ் வைத்தது ஏழு பேருக்கு. டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே வைத்தியம் பார்த்த மூவரையும் அவர் விடாமல் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்த ஏழில் ஐந்து பேருக்குச் செய்தவர், வீடு வீடாகப் போய்ச் சுன்னத்து செய்யும் ஒரே பெரியவர். ஒரே நாளில், ஒரே கத்தியால், அதைக் கொதிக்கவைக்காமல் வரிசையாகச் செய்திருந்தார்.

பேபி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அத்த மட்டும் உட்டுடு அண்ணே. மறுபடியும் எங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"அத்த உட்டா அடுத்த லீவுலயும் பசங்களுக்குச் சீழ் புடிக்கும் பேபி."

அடுத்த வீட்டில், அந்தப் பெரியவர் எந்தக் கிழமை வந்தார் என்று அவளே விசாரித்தாள்.

எழுதி அனுப்பிய செய்தி ஒன்பது நாள் கிடப்பில் கிடந்தது. பத்தாம் நாள் துலுக்கானம் லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்கே போனார். செய்தி ஆசிரியர் தசரதன் தாளைப் புரட்டிவிட்டு, சூடு ஆறிய விஷயத்தைக் கிளறுவானேன் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பேருக்கேத்த மாதிரி அவங்க பக்கம் சாஞ்சிட்டியேப்பா" என்றார்.

"அது எங்க துலுக்கானத்தம்மன் பேரு சார். நான் யார் பக்கமும் சாயல. நாலுன்னு போட்டமே, எத்தினில நாலுன்னு போடலியே. தப்பு என்னுதும்தான்."

இதைப் போடாவிட்டால் இனிமேல் தன்னிடமிருந்து செய்தி வராது என்றும் மெதுவாகச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதில்லை. தசரதன் சிரிப்பை நிறுத்திவிட்டு, செய்தியை முதலிலிருந்து படித்தார். இரண்டு நாளில் ஐந்தாம் பக்கத்தில் 'இருநூற்றுப் பன்னிரண்டில் ஏழு' என்ற தலைப்பில் வந்தது. கத்தி விஷயத்தையும் வெட்டவில்லை.

பூந்தமல்லித் தெருக்களில் அவருக்கு மரியாதை கூடியது. ஆனால் அடுத்த மாதம் பள்ளிவாசல் பெரியவர்கள் சிலர் வெளிநாட்டு ஆராய்ச்சி ஒன்றைக் கொண்டுவந்து, சுன்னத்து நோயைத் தடுக்கும் என்று பெரிதாகப் போடச் சொன்னபோது, அதையும் இரண்டு தரம் படித்தார். எங்கோ தூரதேசத்தில், வளர்ந்த ஆண்களை வைத்து எடுத்த கணக்கு. அதை அப்படியே சொல்லி எழுதலாம், பூந்தமல்லிப் பிள்ளைகளின் கணக்கு என்று எழுத முடியாது என்றார். அவர்கள் வருத்தத்தோடு எழுந்து போனார்கள். மனைவி ராணி, இருந்த நல்ல பெயரையும் கெடுத்துக்கொண்டீர்களே என்றாள்.

மறு வருஷம் கோடை லீவில் பூந்தமல்லி டாக்டர் சுன்னத்துக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கினார். பிள்ளைக்கு ஒரு புதுக் கத்தி என்று வைத்துச் செய்தார். ஒரே கத்தியால் செய்த அந்தப் பெரியவரும் ஒருநாள் பேபியிடம் வந்து உட்கார்ந்து, ஆயுதங்களை எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.