கறிவேப்பிலைக்குப் போன உம்மா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பொய் சொல்லத் தொடங்கினார்கள். அதைக் கண்டுபிடித்தது நான்தான்.

உம்மாவின் காக்கா, எனக்கு மாமா, கொழும்பில் வியாபாரம் செய்தார். கல்முனையில் மெயின் ரோட்டுக்குக் கிட்ட மேல்மாடியோடு ஒரு வீடு கட்டினார். பெயின்ட் மணம் போவதற்குள்ளேயே பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு கொழும்பில் தங்க வேண்டியதாயிற்று. பூட்டிக் கிடந்தால் வீடு பழுதாகிவிடும் என்று எங்களை அங்கே குடியிருக்கச் சொன்னார். "வாடகை எண்டு ஒண்டும் கதைக்கப்படாது. உங்கட ஊடு மாதிரி இரிங்க. ஒரு மாசம் இருந்து பாருங்க, நான் வந்து முடிவு கேக்கன்" என்றார்.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் ஒரு மணல் ஒழுங்கைக்குள் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, முற்றத்தில் கிணறும் கொய்யா மரமும். வெளிச்சுவருக்குச் சாந்து பூசியிருக்கவில்லை. வாப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அடுத்த வருடம் பூசுவோம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாப்பா, உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, நான் என்று நான்கு பேரும் மாமாவின் வீட்டுக்குப் போனோம்.

எனக்கு அது பெரிய அதிசயம். தரையில் முகம் தெரிந்தது. குழாயைத் திருப்பினால் சுடுதண்ணீர் வந்தது. மேல்மாடியில் நின்று "உம்மா" என்று கூப்பிட்டால் உம்மா பதில் சொல்வதற்கு முன்பு சுவர் பதில் சொன்னது. ராத்தாவுக்குத் தனி அறை, எனக்குத் தனி அறை. உம்மா கீழே சமைத்துவிட்டு, சாப்பிட வரச் சொல்லி ராத்தாவின் போனுக்கு அழைப்பெடுப்பாள். பல்கனியில் நின்றால் அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸெல்லாம் தெரியும். இனி எங்கள் வீடு இதுதான் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இரண்டு கிழமை போன பிறகுதான் சில விஷயங்கள் கணக்கில் இடித்தன. வாப்பாவின் கந்தோர் பக்கத்தில்தான் இருந்தது. நாலரைக்கு வர வேண்டியவர் ஆறு மணிக்கு வந்தார். வேலை கூட என்றார். ஆனால் அவருடைய செருப்பில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. உம்மா கறிவேப்பிலை வாங்கச் சந்திக் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வருவாள். மாமாவின் வீட்டில் கேஸ் அடுப்புத்தான், உம்மாவின் தலைமுடியிலோ விறகுப் புகை மணத்தது. தோழி வீட்டில் படித்துவிட்டு வரும் ராத்தாவின் கொப்பியில் கொய்யாப்பழம் ஒழுகிய கறை இருந்தது.

கேட்டால் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை வாப்பா மீன் வாங்கப் போனார். ராத்தா படிக்கப் போனாள். கடைசியாக உம்மா பையை எடுத்துக்கொண்டு, "கதவப் பூட்டிட்டு டீவி பாரு மகள். கறிவேப்பிலை வாங்கிட்டு வாறன்" என்றாள். அவள் தெரு முனை திரும்பும்வரை பார்த்து நின்றேன். பிறகு கதவைப் பூட்டி, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

உம்மா சந்திக் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே எங்கள் ஒழுங்கைக்குள் போய்ப் படலையைத் திறந்து உள்ளே நுழைந்தாள். நான் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். குசினிக்குள் விறகடுப்புப் புகைந்தது. உம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமியோடு கதைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் படலை சத்தம் கேட்டது. ராத்தா.

"நீ படிக்கப் போகல்லியா?" என்றாள் உம்மா.

"நீங்க கடைக்குப் போகல்லியா?" என்றாள் ராத்தா.

அதற்குள் வாப்பா மீன் பையோடு வந்துவிட்டார். உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் படலையைப் பிடித்தபடி நின்றார்.

"சூடை மீன் நல்லா இரிந்திச்சி. அந்த ஊட்டுல பொரிச்சா மணம் போகாதே, அதான் இஞ்ச..." என்று இழுத்தார்.

"இஞ்ச ஆரு பொரிச்சித் தருவா எண்டு கொண்டு வந்தீங்க?" என்றாள் உம்மா.

வாப்பா யோசித்துப் பார்த்தார். "அத நான் நினைக்கல்ல" என்றார்.

முதலில் சிரித்தது ராத்தா. பிறகு மூன்று பேரும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு அங்க வசதியா இரிக்கெண்டு நான் ஒண்டும் கதைக்காம இரிந்தன்" என்றாள். "உன்ட காக்காட ஊடு, உனக்கு மனம் நோகுமெண்டு நானும் கதைக்கல்ல" என்றார் வாப்பா. ராத்தா கொய்யா மரத்தில் சாய்ந்துகொண்டு, அந்த அறையில் புத்தகத்தைத் திறந்தால் ஒரு எழுத்தும் ஏறுவதில்லை என்றாள்.

பிறகு வாப்பாவின் முகம் மாறிவிட்டது. "சின்னவளுக்கு அந்த ஊடு எண்டா உசிர். அவளுக்காக இரிப்பம்" என்றார். உம்மா ஓம் என்று தலையாட்டினாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. என்னை விட்டுவிட்டு மூன்று பேரும் மீன் பொரித்துத் தின்னப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து போய், "எனக்கு மீன் இல்லியா?" என்று அழுதேன்.

அன்று நான்கு பேரும் குசினிக்குள் பாய் போட்டு ஒரே தட்டில் சாப்பிட்டோம். வாப்பா எனக்கு முள் எடுத்துத் தந்தார். உம்மா கேட்டாள், "உள்ளதச் சொல்லு மகள், உனக்கு எந்த ஊடு விருப்பம்?"

"மாமாட ஊடு" என்றேன். ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"அப்ப, அவ்வளவு பெரிய ஊடு, டீவி எல்லாம் உனக்கெண்டு இரிக்கக்குள்ள, என்னத்துக்கு உட்டுட்டு வந்த?" என்றார் வாப்பா.

"உங்களப் பிடிக்கத்தான்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா திரும்பி அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா முடிவு கேட்க வந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "ஊட்டுல என்ன குறை மச்சான்? சொல்லுங்க, செஞ்சி தாறன்" என்றார் மாமா. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒரு குறையும் இல்ல மச்சான்" என்றார் வாப்பா. "எங்க நாலு பேருக்கும் அந்த ஊடுதான் சரி."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என்னைக் கழித்தால் மூன்றுதான் வந்தது. அதைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன். அது வாப்பா சொன்ன இன்னொரு பொய் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.