திரௌபதி அக்கா போட்ட ஆஸ்திரேலியா ரூட்

ஆஸ்திரேலியாவைப் பதினாறு தாளில் பிரிண்ட் எடுத்து, டேப் போட்டு ஒட்டினேன். முழு நாடுகூட இல்லை. மேற்கு ஓரத்தில் ஒரு மாநிலம், அதில் ஒரே ஒரு சாலை. அதற்கே என் கடைச் சுவரில் மூன்று காலண்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றச் சொன்னவர் திரௌபதி அக்கா. வேறு யாராவது சொல்லியிருந்தால், வந்த வேலையைப் பாருங்க என்று துரத்தியிருப்பேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பேன். பெயர் ராஜா. ராஜாவிடம் இருப்பது கோபம் மட்டும்தான் என்பாள் என் மனைவி. கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஞானமும் அவசரம், பிரிண்ட்டும் அவசரம். பௌர்ணமியன்று மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு ஜெராக்ஸ் வேண்டாம், டாய்லெட் சாவிதான் வேண்டும். அதற்காகவே "இங்கு கழிவறை இல்லை" என்று போர்டு எழுதி வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் இருக்கத்தான் செய்கிறது. அந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா என்னைத் திட்டுவார். நான் காதில் வாங்கியதில்லை.

அக்காவுக்கு ஊர் அடி அண்ணாமலை, வயது ஐம்பத்தாறு. பத்தொன்பது வருடமாகப் பெண்களைப் பஸ்ஸில் கோயில் டூர் கூட்டிப்போகிறார். ராமேஸ்வரம், திருச்செந்தூர், திருப்பதி, ஒருமுறை ஷீரடி வரைக்கும். நோட்டீஸ் அடிக்க என்னிடம்தான் வருவார். மற்ற டூர்க்காரர்கள் எத்தனை கோயில் என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அக்கா நோட்டீஸின் முதல் வரி, "முக்கால் மணிக்கு ஒருமுறை பஸ் நிற்கும்."

அதற்குக் காரணம் ஆராயி அம்மா. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா வேறொருவருடைய டூரில் ராமேஸ்வரம் போனார். பக்கத்து சீட்டில் கீழ்பென்னாத்தூர் ஆராயி அம்மா. வழியில் அந்த அம்மா மூன்று தடவை எழுந்துபோய் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். இதோ, இதோ என்றே டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார். புதுக்கோட்டை வருவதற்குள் சீட்டு நனைந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் எல்லோரும் தீர்த்தமாடப் போனபோது ஆராயி அம்மா பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. அக்காவும் போகவில்லை. அந்தப் புடவையைக் குழாயடியில் அலசிக் காயப்போட்டுவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் தானே ஒரு பஸ் பேசினார். முதல் சீட்டு ஆராயி அம்மாவுக்கு.

அக்காவிடம் ஒரு நீல நோட்டு உண்டு. அதில் எந்தச் சாமியைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. "விழுப்புரம் தாண்டி இடது கைப்பக்கம் பெட்ரோல் பங்க். தாழ்ப்பாள் உண்டு, பக்கெட் இல்லை." "திருமயத்துக்கு முன்னால் கல்யாண மண்டபம். வாட்ச்மேன் தங்கமான மனுஷன்." இப்படியே நூறு பக்கம். ஒன்றுமே இல்லாத ரோட்டுக்கென்று நாலு மூங்கில் கழியும் ரெண்டு பழைய புடவையும் பஸ்ஸில் இருக்கும். வண்டியை ஓரங்கட்டி, மறைப்புக் கட்டி, வேலை முடிந்து கிளம்பப் பத்தே நிமிடம். டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு வருடம் என் மனைவி அந்த டூருக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "அக்கா கூடப் போனா வயிறு நெறையத் தண்ணி குடிக்கலாம்." எனக்குப் புரியவில்லை. பஸ் ஏறுகிற அன்று காலையிலிருந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவள் விளக்க வேண்டியிருந்தது. நாற்பது வயதுவரை இது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அன்றோடு சிரிப்பதை விட்டேன்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருகிறேன். அக்காவின் ஒரே மகள் இனியா அங்கே பெர்த் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ரெண்டு வருடத்துக்கு முன்னால், தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை இளஞ்செழியனைச் சென்னையில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அக்கா ரெண்டு நாள் முன்னதாகவே போய்விட்டார். அக்காவின் கணவர் முருகையன் மாமா கடைசிவரை போகவே இல்லை. மனுஷனுக்குக் கோபம் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன், இனியாவும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் போனில் சாப்பிட்டீங்களா, சாப்ட்டேன் என்பதோடு சரி.

அதற்கும் முன்னாலேயே மாமா ஒதுங்கிப் போயிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. பிறகு மலை சுற்றுவதை விட்டார், விசேஷங்களுக்குப் போவதை விட்டார். மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் காடு, அதைவிட்டால் வீடு. என் கடைக்கு எப்போதாவது வந்தாலும் டீ வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஒரு வாய் டீ குடித்தால் இவருக்கு என்ன கௌரவம் குறைந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும்.

இந்தச் சித்திரையில் இனியா கூப்பிட்டாள். மூன்று வாரம் லீவு போடுகிறேன், ரெண்டு பேரும் வாருங்கள், நாலு பேருமாகக் காரில் வடக்கே கடலோரமாகப் போவோம் என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "இந்தத் தடவையும் அப்பா வரலன்னா, இனிமே நான் கூப்பிட மாட்டேம்மா."

அக்கா நேராக என் கடைக்கு வந்தார். நான் தூரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆயிரத்து எரநூறு கிலோமீட்டருக்கு மேல போவுதுக்கா. நம்ம ஊர்லேர்ந்து நாக்பூர் போற தூரம். அங்க அது ஒரே மாநிலத்துக்குள்ள."

"ரோடு இருக்குதில்ல? ரோடு இருந்தா நான் ரூட் போட்டுடுவேன்," என்றார் அக்கா.

நாலு நாள் அந்தப் படத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை படத்தில் ஏதாவது ஒரு பெயர் இருந்தது. அதன்மேல் சிவப்பு ஸ்கெட்சால் ஒரு பொட்டு வைப்பார். "பேர் இருந்தா நாலு வூடு இருக்கும். நாலு வூடு இருந்தா ஒரு டீக்கடை இருக்கும். டீக்கடை இருந்தா மீதிய நான் பேசிக்குவேன்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நம் பக்கத்தில் பெயர் இருந்து ஆள் இல்லாத இடத்தை யார் பார்த்திருக்கிறோம்? பொட்டு இருபத்தெட்டு ஆயிற்று. விமானத்தையும் அவர் விடவில்லை. டாய்லெட்டுக்குப் பக்கத்து சீட்டு கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னார்.

"எல்லாரும் ஜன்னல்தான்க்கா கேப்பாங்க."

"ஜன்னல்ல இன்னா இருக்குது? மேகம்."

ஐந்தாம் நாள் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பெர்த்தில் விரலை வைத்து, பொட்டு பொட்டாகத் தொட்டுக்கொண்டே மேலே போனார். கடைசிப் பொட்டில் விரல் நின்றது. "பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துடு ராஜா," என்றார்.

அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நான் போட்டோ எடுத்து முடிப்பதற்குள், என் கடை வைஃபையிலேயே மகளுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

"இனியா, ரூட் போட்டாச்சு. பாரு, முக்கால் மணிக்கு ஒரு ஊரு," என்று போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

இனியா உற்றுப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அதெல்லாம் வெறும் பேரும்மா. ஆத்துப் பேரு, பாறைப் பேரு, யாரோ ஒருத்தரோட பண்ணைப் பேரு. ஆளே இருக்க மாட்டாங்க. சில இடத்துல நூறு கிலோமீட்டருக்கு மேல ஒண்ணுமே கெடையாது. நீ கவலப்படாத, நான் நேரா ஓட்டிடுவேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நிறுத்துனா போதும்."

மாமா நாற்காலியைவிட்டு எழுந்தார். "போட்டோவ வெட்டாத ராஜா. நான் வரல."

போனில் சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியும்மா," என்றாள் இனியா. "என்கூட ஒரே கார்ல உக்கார அவருக்கு மனசு இல்ல. விட்டுடு."

மாமா வாசல் பக்கம் நடந்தார். அக்கா அவரையும் பார்த்தார், போனையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார். பிறகு, டூர் கிளம்பும்போது பஸ் படியில் நின்று பேசுவாரே, அந்தக் குரலில் பேசினார்.

"போன வெச்சுடாத இனியா. என் டூர்ல ஒரு சட்டம் இருக்குது. உங்கப்பா வந்தாலும் வராட்டியும் அதான் சட்டம். முக்கால் மணிக்கு ஒருக்கா வண்டி நிக்கணும். ஊரு இருந்தா ஊர்ல நிக்கட்டும், இல்லன்னா ரோட்டோரமா நிக்கட்டும். ரெண்டு புடவ நான் எடுத்தாறேன். நாலு கழி நீ வாங்கி வெய்யி. யாருக்கு, எதுக்குன்னு என் பஸ்ல யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. நீயும் கேக்கக் கூடாது."

"எதுக்கும்மா இத்தன தடவ? யாருக்கு?"

"கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

வாசற்படியில் மாமா நின்றுவிட்டார். அப்புறம் திரும்பி வந்து, அக்கா கையிலிருந்து போனை வாங்கினார்.

"எனக்குத்தான் பாப்பா," என்றார். "ஆபரேஷன் ஆனதுலேர்ந்து மூத்திரம் அடக்க முடியல. முக்கால் மணி, ஜாஸ்தி போனா ஒரு மணி நேரம். உன் கல்யாணத்துக்குப் புது வேட்டி கட்டிக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். நாலு மணி நேரம் பஸ்ஸு. சம்பந்தி வூட்டாளுங்க முன்னாடி நனஞ்ச வேட்டியோட எறங்கி நிக்கணுமேன்னு பயந்து திரும்பிட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா கிட்ட கற்பூரத்து மேல சத்தியம் வாங்கிட்டேன். கோவம் இல்ல கண்ணு. வெக்கம்."

அந்தப் பக்கத்திலிருந்து "அப்பா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் பிரிண்டரைத் திறந்தேன், மூடினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

டீ வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்றது எல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடம் அந்த மனுஷனை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அக்காவையும் நினைத்துப் பார்த்தேன். மகள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அன்றைக்கும் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. கழியும் புடவையும் இல்லாமலே என் கடையில் அவருக்கு ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தார். அதன் தைரியத்தில்தான் மாமா தானாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய மனுஷி அவர்!

பத்து நாள் கழித்து இனியா என் நம்பருக்கு ஒரு பக்கம் அனுப்பி, பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவளும் இளஞ்செழியனும் அந்த ரோட்டில் முந்நூறு கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியது. மாமா கடைக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"46 கி.மீ. பூங்கா. சுத்தம். தாழ்ப்பாள் உண்டு."

"88 கி.மீ. பங்க். நல்ல பாட்டி, சாவி கேட்க வேண்டாம்."

"131 கி.மீ. ஒன்றும் இல்லை. பெரிய மரம் இருக்கிறது. புடவை கட்டலாம்."

மிச்ச தூரத்துக்கு அடுத்த சனி, ஞாயிறு என்று கீழே எழுதியிருந்தாள். அதற்கும் கீழே ஒரு வரி. "அப்பா, வயிறு நெறையத் தண்ணி குடிங்க."

மாமா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த போட்டோ இருக்குதா ராஜா?"

"அன்னிக்கே வெட்டி வெச்சுட்டேன் மாமா."

"அப்போ ஒரு டீ சொல்லு."

எதிர்க் கடைக்கு ரெண்டு டீ சொன்னேன். டிராயரில் கிடந்த டாய்லெட் சாவியை எடுத்து, ஆஸ்திரேலியா தொங்குகிற ஆணியில் மாட்டினேன். வெளியே போய் அந்த போர்டையும் கழற்றிக்கொண்டு வந்தேன். மாமா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. டீ வந்தது. முழு கிளாஸையும் குடித்தார்.