பொட்டு வைத்த மோட்டார்

கரண்ட் போனதும் அப்பா ஏன் இப்படி எரிந்து விழுகிறார் என்று நீங்கள் உங்களுக்குள் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும். ஒரே ஒரு நாள் பாய்லர் முன்னால் நின்றிருந்தால் சிரிப்பு வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தா.பழூர் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நான் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லர் என்பது பெரிய இரும்பு உருளை. மில்லுக்கு வெளியே, நெல் காயும் களத்தின் ஓரத்தில், மேலே தகரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அடியில் கருவேல விறகு எரியும். உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைக் குழாயில் விட்டுத்தான் ஊறிய நெல்லை அவிப்போம்.

விறகில் எரிகிற அடுப்புக்குக் கரண்ட் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். முதலாளியே கேட்பார். ஆவி ஏறிவிட்டால் உள்ளே அழுத்தம் இருக்கும். வெளியிலிருந்து தண்ணீரை மோட்டார் வைத்துத் தள்ளினால்தான் உள்ளே போகும். தண்ணீர் குறைந்து தீ மட்டும் எரிந்தால் பாய்லர் வெடிக்கும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், அதில் தண்ணீர் மட்டம் தெரியும். என் வேலை பாதி நேரம் விறகு தள்ளுவது, பாதி நேரம் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பது. கரண்ட் போனால் மோட்டாரை ஓட்ட ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

அந்த வருடம் ஆயுத பூசை அன்று சாயங்காலம் ஓர் அம்மா வண்டியில் நெல் கொண்டுவந்தார். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். பந்திக்கு வேண்டிய அரிசி அது. அன்றே தொட்டியில் ஊறப் போட்டோம். ஊறிய நெல்லை மறுநாள் காலையில் அவித்துவிட வேண்டும். தாமதமானால் புளித்து வாடை பிடிக்கும், சோறாக்கிய பிறகும் அந்த வாடை போகாது.

மறுநாள் காலையில் நான் தீ மூட்டி, ஆவி ஏறத் தொடங்கியதும் கரண்ட் போனது. சரி, ஜெனரேட்டர் இருக்கிறதே என்று ஹேண்டில் போட்டுச் சுற்றினோம். கிளம்பியது. தண்ணீர் மோட்டாரும் ஓடியது. ஆனால் கண்ணாடியில் தண்ணீர் ஏறவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

முதலாளி வந்து நின்றார். "மோட்டாரு ஓடுதுல்ல? அப்புறம் என்னய்யா?"

"ஓடுது மொதலாளி. தண்ணி போவல."

"குடத்துல மொண்டு ஊத்தேன்."

"எதுல ஊத்துறது? அதுக்கென்ன வாயா இருக்கு?"

முதலாளியின் மச்சினன்தான் மில்லில் மெஷின் பொறுப்பு. அவர் டீசலைக் குறை சொன்னார். பிறகு பியூசை மாற்றினார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் தவளை அடைத்திருக்கும் என்று கையை விட்டுத் துழாவினார். கடைசியில் ஓர் எலுமிச்சம்பழத்தை ஜெனரேட்டரின் அடியில் வைத்தார். அதற்குள் தண்ணீர் கண்ணாடியின் அடிக்கு வந்துவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. எரிகிற கட்டைகளை அப்படியே வெளியே இழுத்துக் களத்தில் போட்டேன்.

"நெல்லு ஊறிக் கெடக்கு, தீயப் போயி அணைக்கிறியேண்ணே!" என்று, நெல் அவிவதைப் பார்க்கக் காலையிலேயே வந்திருந்த அந்த அம்மா பதறினார்.

"ஆள் முழுசா இருந்தாத்தான தங்கச்சி நெல்ல அவிக்க முடியும்?" என்றேன்.

கோபத்தில் மோட்டார் பக்கம் போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் பூசைக்காக அதன் உடம்பெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அது எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதன் மேலேயே ஒரு பெரிய பொட்டு. நகத்தால் சுரண்டினேன். அம்பு ஒரு பக்கம் காட்டியது. மோட்டார் மறுபக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஜெனரேட்டர் வயரக் கழட்டுனீங்களா?"

மச்சினன் பெருமையாகச் சொன்னார்: "ஆமா, பூசைக்குச் சுத்தமா இருக்கணும்ல? மூணு வயரையும் கழட்டி மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சேன். அந்த செவப்பு, மஞ்ச, நீல டேப்பெல்லாம் ஒரே பிசுக்கு. உரிச்சி எறிஞ்சிட்டேன்."

"அப்புறம் எதப் பாத்து மாட்டுனீங்க?"

"மூணு வயரு, மூணு ஓட்டை. இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

அந்த மூன்றில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், தண்ணீரைத் தள்ளத் தெம்பு இருக்காது. நான் விளக்கினேன். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. "சாமி கும்புட்ட மெஷினுய்யா, அதெப்புடி தப்பா சுத்தும்?" என்றார்.

இரண்டு வயரை மாற்றி மாட்டியதும் தண்ணீர் ஏறியது. ஆனால் ஆறிப்போன பாய்லரைத் திரும்பச் சூடாக்கி ஆவி வர மத்தியானம் தாண்டிவிட்டது. ஆவி வந்ததும் கரண்டும் வந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நெல்லை அவித்து, காயவைத்து, அரைத்தோம். அரிசி வாங்க வந்த அந்த அம்மா மூட்டையைத் தொடவில்லை. கையோடு ஒரு பானை கொண்டுவந்திருந்தார். பாய்லர் அடுப்பிலேயே வைத்துப் பொங்கி, ஆளுக்கொரு பிடி சோறு கொடுத்தார்.

முதலாளி மென்று பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்றார். மச்சினன் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லுண்ணே. இத பந்தியில போடலாமா? சம்மந்தி வூட்டு ஆளுங்க மோந்து பாத்துட்டுத்தான் கைய வப்பாங்க."

முதலாளி முறைத்தார். என்ன செய்வது, வாயில் வாடை அடிக்கிறதே. "போட வேணாம் தங்கச்சி" என்றேன்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு தன் குடோனிலிருந்து வேறு அரிசியை அளந்து கொடுத்தார். கல்யாணப் பந்தியில் யாரும் இலையை மோந்து பார்க்கவில்லை. நானும் போய்ச் சாப்பிட்டேன்.

வாடை அரிசியை முதலாளி விற்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. "உனக்குத்தான மூக்கு நல்லா வேல செய்யிது, நீயே தின்னு" என்று மூட்டையோடு என் சைக்கிளில் ஏற்றிவிட்டார். உங்கள் அம்மா முதல் நாள் உலை மூடியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அங்க உண்மையச் சொன்ன வாயி, இங்கயும் சொல்லட்டும். இத எப்புடி புள்ளைக்கி ஊட்டுறது?"

அந்த மூட்டை தீரும் வரை எங்கள் வீட்டில் தினமும் பூண்டு ரசம்.