மூச்சை யார் எடுக்கிறது

எனக்கு வயலின் வாசிக்கத் தெரியும் எண்டதில ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அடக்கமாச் சொல்லவேணும் எண்டால் வேற ஆக்களைக் கேளுங்கோ. வெருகலில இருந்து சல்லி வரைக்கும் எந்தக் கோயில் திருவிழாவில அக்கா பாடினாலும் பக்கத்தில நான்தான். அக்கா ஒரு சங்கதி பாடினால், அவ முடிக்க முதலே என்ர வில்லு அதைப் பிடிச்சிடும். ஒரே பாயில படுத்து வளர்ந்த ஆக்கள், பிடிக்காமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில சங்கீத டீச்சர் எண்டு எனக்குத் தனியா ஒரு மரியாதை இருக்கு. எண்டாலும் ஊருக்கு நான் பாட்டுக்கார அக்காவின்ர தங்கச்சி.

அதாலதான், துறைமுகத்தடியில புதுசா ஒரு இசை விழா வைக்கிறம், வந்து வாசிக்கவேணும் எண்டு ஒருத்தர் வீடு தேடி வந்தபோது, அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, தான் என்ன பாடவேணும் எண்டு கேட்டா. வந்தவற்ற முகம் ஒருமாதிரியாப் போச்சுது. அவர் கண்டி ஆள், வெளிநாட்டில மேற்கத்திய சங்கீதம் படிச்சவர், தானே இசை எழுதுறவர். பாட்டு இல்லை, வயலின் மட்டும்தான் எண்டு அரைகுறைத் தமிழில மெல்லச் சொன்னார். அக்கா ஓம் ஓம் எண்டு சிரிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனா. பிறகு குசினியில சட்டி பானையள் கொஞ்சம் பலமாத்தான் சத்தம் போட்டுது.

விழா நடந்தது ஒரு பழைய கிட்டங்கியில. முந்தி அரிசி மூட்டை அடுக்கின இடம், இப்பவும் மழைக்காலத்தில சாக்கு மணம் அடிக்கும். மூதூரிலயிருந்து றபான் மேளம் அடிக்கிற ஆக்கள், தேவாலயத்துப் பாட்டுக் குழு, கொழும்புப் பியானோக்காரர் எண்டு எல்லாரையும் ஒண்டா இருத்தி, இதுவரைக்கும் ஆரும் கேக்காத ஒண்டைச் செய்யிறது திட்டம். எனக்குச் சோடியா விட்டது பின்லாந்திலயிருந்து வந்த ஒரு செலோக்காரியை. செலோ எண்டால் எங்கட வயலினுக்குப் பெரியப்பா முறை, ஆள் உயரம் இருக்கும், குரலும் அப்பிடித்தான். அவ கதிரையில, நான் கீழ பாயில சப்பாணி கட்டிக்கொண்டு. ஆனந்தபைரவியில, தாளம் ஒண்டும் இல்லாமல், வயலின் தன்ர எண்ணத்துக்கு முன்னால போகவேணும், செலோ அதுக்குப் பின்னால வரவேணும். இதை எழுதின கண்டிக்காரர் சொன்னது இவ்வளவுதான்.

கேக்க எவ்வளவு லேசா இருக்கு, பாருங்கோ. முதல் ஒத்திகையில ஒரு சங்கதி வாசிச்சிட்டு நிப்பாட்டினன். அவவும் நிப்பாட்டினா. அவ தொடங்கட்டும் எண்டு நான் பாக்கிறன், நான் தொடங்கட்டும் எண்டு அவ பாக்கிறா. கொஞ்சம் பொறுத்து அவ மூக்கால ஒரு மூச்சு எடுத்தா. உடன என்ர வில்லு அவவுக்குப் பின்னால ஓடிச்சுது. ஐயோ, நான்தானே பின்னால வரவேணும் எண்டு அவ நிப்பாட்ட, நானும் நிப்பாட்டிப்போட்டன். கலியாண வீட்டு வாசலில, நீங்கள் முதல் போங்கோ, இல்லையில்லை நீங்கள் போங்கோ எண்டு ரெண்டு சம்பந்திமார் மல்லுக்கட்டின மாதிரித்தான் இருந்துது. மைக் பாத்துக்கொண்டிருந்த கிண்ணியாக்காரர் சிரிப்பை அடக்கேலாமல் எழும்பி வெளியில போனார்.

அடுத்த நாளும் அதே கதைதான். எழுதினவர் எனக்குப் பக்கத்தில வந்து குந்தியிருந்து, நல்ல மரியாதையாச் சொன்னார். நாளைக்கும் சரிவராட்டில் முன்னால போற வேலையைச் செலோவுக்குக் குடுப்பம், நீங்கள் பின்னால வாங்கோ, உங்களுக்கு அதுதானே சுகம். சுகமாம்! எனக்கு உச்சியில ஏறிச்சுது. வாழ்க்கையில முதல் தடவையா முன்னால போகச் சொல்லிக் கூப்பிட்டுப்போட்டு, திருப்பி அதே இடத்தில இரு எண்டால் எப்பிடி இருக்கும்? வாயைத் திறந்தால் பிழையா ஏதும் வந்திடும் எண்டு வயலினைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிக்கொண்டு வந்திட்டன்.

வீட்டில அக்காவிட்டச் சொன்னன். அவ கொஞ்சமும் யோசிக்கேல்ல.

“உனக்கு அதுதானேயடி வரும்” எண்டா.

குத்திக்காட்டேல்ல, அன்பாத்தான் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் சுட்டுது. அண்டைக்கு நான் சாப்பிடேல்ல. கோபத்துக்குச் சாப்பாட்டை விடுற ஆள் நான் இல்லை, எண்டாலும் விட்டன்.

விடியக் குசினியில நிண்டு சம்பலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறன். மீன்காரர் சைக்கிளில கூவிக்கொண்டு போறார். அவரை மறிக்கவேணும் எண்டு அக்கா யன்னலடிக்கு ஓடி வந்து, நாடியை உயர்த்தி, கூப்பிடுறதுக்கு மூச்சு எடுத்தா. என்ர வலது கை கத்தியோட மேல எழும்பிச்சுது. நான் எழுப்பேல்ல, அது தானா எழும்பினது. மீன்காரரைக் கூப்பிடுறதுக்கும் நான் பக்கவாத்தியம்! தனியா நிண்டு சிரிச்சன். பிறகு சிரிப்பு நிண்டுட்டுது. இவ்வளவு காலமும் நான் நினைச்சு வில்லு அசையேல்ல, அக்கா மூச்சு எடுத்துத்தான் அசைஞ்சிருக்கு. செலோக்காரியின்ர மூச்சுக்குப் பின்னால அது ஓடினதும் இதாலதான்.

மீன் குழம்பைப் பாத்துக்கொண்டு நிக்கேல்ல. நேர கிட்டங்கிக்குப் போய், செலோக்காரியைப் பிடிச்சு, தயவுசெய்து மூச்சு எடுக்காதேங்கோ எண்டு சொன்னன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அவவின்ர ஊரில நாலு பேர் சேர்ந்து வாசிச்சால், முன்னால போற ஆள் மூச்சுச் சத்தத்தாலதான் மற்ற ஆக்களைக் கூப்பிடுறதாம். நான் சத்தமே இல்லாமல் இருக்க, கூப்பிட ஆளில்லையெண்டு அவ தானே எடுத்திருக்கிறா. நீங்கள் எடுங்கோ, நான் வாறன் எண்டா.

எனக்கு அப்பிடி எடுக்கத் தெரிஞ்சால்தானே. பக்கவாத்தியக்காரர் தும்மல் வந்தாலும் விழுங்கவேணும், அப்பிடித்தான் பழகினது. முதல் எடுத்த மூச்சு தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச ஆளின்ர மாதிரி இருந்துது. ரெண்டாவது பயத்தில பாதியில நிண்டுட்டுது. மூண்டாவதை வயிறு நிறைய எடுத்தன். ரெண்டு வில்லும் ஒண்டா இறங்கிச்சுது. எழுதினவர் கதிரையை விட்டு எழும்பிட்டார். பிறகு அவர் இடம் மாத்துற கதையே எடுக்கேல்ல.

விழா அண்டு பின்னேரம் அக்கா பட்டுச் சீலை கட்டி, பூ வைச்சு, முன் வரிசையில நடுவில வந்து இருந்தா. வேற ஆருக்கும் நான் பயப்பிடேல்ல, அந்த நாடிக்குத்தான் பயப்பிட்டன். தொடக்கம் நல்லாப் போச்சுது. இடையில ரெண்டு பேரும் நிப்பாட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து, பிறகு நான் மேல் ஷட்ஜத்தில தொடங்கவேண்டிய இடம் ஒண்டு வரும். எப்ப தொடங்கிறது எண்டது என்ர விருப்பம். நிப்பாட்டினம். மின்விசிறி மட்டும்தான் சுத்துது. அக்காவுக்கு ஆனந்தபைரவி தண்ணிபட்ட பாடு, அடுத்த பிடி எங்க எடுக்கவேணும் எண்டு அவவுக்குத் தெரியும். அவவின்ர நாடி உயர்ந்துது. மூச்சு எடுத்தா. எனக்கு வடிவாக் கேட்டுது.

கை எழும்பேல்ல. பொறுங்கோ அக்கா எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு அந்த மூச்சைப் போகவிட்டன். அது போய் முடியுமட்டும் இருந்தன். பிறகு என்ர மூச்சை எடுத்தன், கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். செலோவின்ர சத்தம் என்ர காலடியில வந்து விழுந்துது. எனக்கு வந்த சந்தோசத்தை எப்பிடிச் சொல்லுறது, வாசிச்சுக்கொண்டே பல்லுத் தெரியச் சிரிச்சன்.

ஓட்டோவில வீட்டுக்கு வரேக்க, சந்தையடியில அக்கா என்ர பக்கம் திரும்பினா.

“உன்ர மூச்சு எனக்குக் கேட்டுது. இவ்வளவு காலமும் பக்கத்திலதானே இருந்தனி, ஒருநாளும் கேக்கேல்லையேடி.”

“எடுக்க இடம் விட்டால்தானே, அக்கா” எண்டன்.

பகிடியாத்தான் சொன்னனான். அவ சிரிக்கேல்ல.

அடுத்த கிழமை சல்லி அம்மன் கோயிலில கச்சேரி. சுருதி போட்டாச்சு, சனம் இருந்தாச்சு. நான் வழமை போல வில்லை வைச்சுக்கொண்டு அந்த நாடியைப் பாத்துக்கொண்டிருக்கிறன். நாடி உயரேல்ல. அக்கா வாயை மூடிக்கொண்டு என்னைப் பாக்கிறா. மிருதங்கக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கிறார். அக்கா மைக்கைக் கையால பொத்திக்கொண்டு குனிஞ்சா.

“நீ எடு” எண்டா.

எடுத்தன். அது மைக்கில விழுந்து கோயில் வீதி முழுக்கக் கேட்டுது. அக்கா அதுக்குப் பின்னால பாடத் தொடங்கினா.