மூன்றாவது பொட்டலம்

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளில் மடித்த மூன்று பொட்டலங்கள். மூன்றும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்கு முன்னால் பித்தளைத் தட்டில் அவை இருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. தலைக்குக் குளித்த ஈரம் பாவாடையில் சொட்ட, தட்டுக்கு எதிரே நின்றேன். அப்பா பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “கண்ணை மூடிண்டு ஒண்ணை எடு. யோசிக்கப்படாது” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் யோசிப்பது முழுக்க அவருடைய இலாகா.

பூக்கட்டிப் பார்ப்பது என்பார்கள். மனிதர்களுக்கு முடிவு தெரியாதபோது பூவைப் பொட்டலமாக மடித்து சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. குழந்தை எடுத்தது சாமியின் உத்தரவு. அதற்கு அப்பீல் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அன்றைக்கு வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கோயம்புத்தூர், சிவப்புத் தெச்சி வந்தால் திருச்சி. மூன்றாவது பொட்டலத்தில் துளசி. அது வந்தால் இரண்டு ஊரும் வேண்டாம், திருவனந்தபுரத்திலேயே இருந்துகொள்வது.

அப்பா வேலை பார்த்த கம்பெனி இங்கிருந்த கிளையை மூடிவிட்டது. கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ மாற்றிக்கொள்ளலாம், இரண்டில் எது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். நாலு மாதம் அவகாசம். அப்பா ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் சிறுவாணித் தண்ணீர், அந்தப் பக்கம் காவேரித் தண்ணீர். கோயம்புத்தூர்க் குளிர் அவருடைய மூக்கடைப்புக்கு ஆகாது. திருச்சி வெயில் யாருக்குமே ஆகாது. மலைக்கோட்டைப் படி ஏற முழங்கால் ஒத்துழைக்குமா என்றுகூட எழுதியிருந்தார், என்னவோ தினம் ஏறப்போகிறவர் மாதிரி. பால்காரர், முடிவெட்டுகிறவர், கோயிலில் பூஜை பண்ணும் சாந்திக்காரர் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டார். இரண்டு ஊரையும் பார்த்தே இராதவர்கள்தான் நிறையச் சொன்னார்கள். அத்தனையும் நோட்டுக்குள் போயிற்று. ராத்திரி சாப்பாட்டில் கோயம்புத்தூர் ஜெயித்தால், காலைக் காப்பியில் திருச்சி ஜெயித்துவிடும்.

அம்மாவிடமும் கேட்பார். அவள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள். “எந்த ஊரானாலும் நேக்குச் சரி.” நோட்டில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் சேராது, அந்தப் பக்கமும் சேராது. அப்பா பேனாவை மூடிவைத்துவிட்டு, “நீ ஒண்ணும் சொல்லமாட்டேங்கறயே” என்று அலுத்துக்கொள்வார்.

அம்மா கும்பகோணத்துப் பெண். தமிழ் ஆசிரியைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு கல்யாணமாகி இங்கே வந்தாள். இந்த ஊரில் தமிழ் டீச்சர் வேலை அவள் கேட்ட இடத்தில் எல்லாம் காலியாகவே ஆகவில்லை. தமிழ்க் குடும்பங்களே நிறைந்த எங்கள் தெருவுக்குள் இருக்கும்வரை அவள் பாஷைக்குக் குறைவில்லை. தெருமுனை தாண்டினால் எல்லாம் மலையாளம், அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. புறநானூறு சொல்லித்தரத் தெரிந்தவள், கரமனை ஸ்டாப்பில் நின்றுகொண்டு, வருகிற பஸ் எல்லாவற்றையும் கையைக் காட்டி நிறுத்தி “கிழக்கேகோட்டை போகுமா?” என்று கேட்டாள். இரண்டாம் வகுப்பிலிருந்து நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன்: பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ். என் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவளால் சாலைக் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

கோயம்புத்தூரோ திருச்சியோ, எங்கே போனாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவேன் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போது கறிகாய் நறுக்குகிற கை நின்றுவிடும். கிளம்புவது நிச்சயம் என்று நம்பிப் பித்தளைப் பாத்திரங்களைப் பழைய புடவையில் மூட்டை கட்டியும் வைத்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் அப்பா பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். வெள்ளை, சிவப்பு சரி, துளசி எதற்கு என்று அம்மா கேட்டாள்.

“போறதுன்னு தீர்மானம் ஆயாச்சே? மூணாவது எதுக்கு?”

“பகவானுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்குமோன்னோ” என்றார் அப்பா.

நான் எடுத்ததில் துளசி இருந்தது. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்; பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்த பையனின் தோள் அது. “அவனுக்கு இஷ்டமில்லை. நாம என்ன பண்றது?” என்றார். அம்மா மத்தியானம் மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்திலேயே வைத்தாள். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மற்ற இரண்டு பொட்டலங்களையும் ஆற்றில் விட என்னைத்தான் அனுப்பினார்கள். எங்கள் தெருவின் கோடியில் இறங்கினால் கரமனையாறு. படியில் உட்கார்ந்தேன். பிரிக்கக் கூடாது என்றால் குழந்தைக்குக் கை சும்மா இருக்குமா? ஒன்றைப் பிரித்தேன், துளசி. வெள்ளையோ சிவப்போ மற்றதில் இருக்கும் என்று அதையும் பிரித்தேன். அதிலும் துளசி.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து ஓடி அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சாமிக்குப் பொய் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது என்றுதானே எடுக்கச் சொன்னார்கள். ஆனால் ஒரு நினைப்பு வந்தது: கோயம்புத்தூரில் பஸ் போர்டு தமிழில் இருக்கும். அங்கே அம்மாவுக்கு நான் எதற்கு? இரண்டு கொத்துத் துளசியையும் தண்ணீரில் விட்டேன். தாள்களைக் கசக்கித் தூர எறிந்தேன். வீட்டுக்கு வந்து, விட்டாச்சு என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். பிறந்த தெருவைத் தாண்டினால் தான் யாரென்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்தார். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் சாமி தலையில் போட்டார். பிறகு சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே கடைசிவரை இருந்தார். கோயம்புத்தூரில் தண்ணீர்க் கஷ்டம் என்றோ திருச்சியில் வெயில் கொளுத்துகிறது என்றோ பேப்பரில் வந்தால், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார். அம்மாவின் சான்றிதழ் டிரங்குப் பெட்டிக்கு அடியில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே கிடந்தது. அவள் நாட்காட்டித் தாளைத் தினம் கிழித்து, பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் தமிழ்ப் பொன்மொழியைப் படித்துவிட்டு, அடுக்கி வைத்துக்கொள்வாள். வீட்டின் அந்த நீள இருட்டுக்குள் அவளுக்கு வெளிச்சம் வந்த வழி அது ஒன்றுதான். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போர்டைப் பார்த்து, “நம்ம பஸ் வரது” என்றாள். எப்போது, யாரிடம் எழுத்துக் கற்றாள் என்று தெரியாது. கேட்டதற்கு, “சாரமில்லை, கத்துண்டேன்” என்றாள். பரவாயில்லை என்பதற்குச் சாரமில்லை என்பது அப்பாவின் வார்த்தை, இந்த ஊர் வார்த்தை. அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். தினம் ஸ்கூட்டரில் பைபாஸ் நெரிசலில் ஊர்ந்து கழக்கூட்டத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். போன மாதம் எங்கள் பிரிவை இங்கிருந்து எடுக்கப்போவதாக அலுவலகத்தில் அறிவித்தார்கள். கோயம்புத்தூர் அல்லது மைசூர், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோயம்புத்தூர் என்ற பெயரைத் திரையில் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். எச்.ஆர். பெண் நான் இருக்கும் இடத்துக்கே வந்து, “சேச்சி, ஆப்ஷன் கொடுத்தாச்சா? திங்கட்கிழமையோட லிங்க் குளோஸ் ஆகும், கேட்டோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எக்செல் திறந்தேன். ஒரு பத்தியில் கோயம்புத்தூர், ஒரு பத்தியில் மைசூர். தண்ணீர், வாடகை, ஆஸ்பத்திரி, ரயில், தட்பவெப்பம் என்று வரிசைகள் ஐம்பதைத் தாண்டின. பச்சை, மஞ்சள் என்று வண்ணம் வேறு. ஒவ்வொரு நாளும் ஒரு ஊர் ஜெயித்தது. கடைசி வரிசையில் ‘அம்மா’ என்று போட்டு, இரண்டு பக்கமும் சிவப்பு அடித்து வைத்திருந்தேன். இந்த வயதில் அவளைப் பிடுங்கி நடுவது பாவம் என்று சக ஊழியர்களிடம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவிடமும் கேட்டேன். என்ன பதில் சொன்னாள் என்று கவனிக்கக்கூட இல்லை, அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மடிக்கணினியை மூடிவிட்டு, “பேசாமப் பூக்கட்டிப் பார்த்துடலாமாம்மா?” என்றேன், பாதி விளையாட்டாக. “அதுக்கென்ன, பார்த்துட்டாப் போச்சு. போய்க் குளிச்சுட்டு வா” என்றாள். குளித்துவிட்டு வந்தபோது அதே பித்தளைத் தட்டு. நாட்காட்டித் தாளில் மடித்த மூன்று பொட்டலங்கள். நந்தியாவட்டை கோயம்புத்தூர், தெச்சி மைசூர், துளசி வந்தால் இங்கேயே என்றாள் அம்மா. நான் சிரித்துக்கொண்டே கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

துளசி.

என் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. அப்பாடா என்று மூச்சு வந்தது, சத்தமாகவே வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில், அப்பாவின் அந்தத் தோளை என் மேலேயே உணர்ந்தேன். எதிரே உட்கார்ந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்த ரெண்டையும் பிரி” என்றாள்.

“பிரிக்கப்படாதேம்மா.”

“அன்னிக்குப் பிரிச்சயோன்னோ? பிரி.”

பிரித்தேன். என்ன இருக்கும் என்று கை தொட்டவுடனேயே தெரிந்துவிட்டது. மூன்றிலும் துளசி.

“அன்னிக்குத் தெச்சிச் செடில ஒரு பூ குறையலை. நந்தியாவட்டைல குறையலை. துளசிலதான் மூணு கொத்து ஒடிச்சிருந்தது. தினம் தண்ணி விடறவளுக்குத் தெரியாதா?” அம்மாவின் குரலில் கோபம் இல்லை. “நான் சொன்னா உங்கப்பா சாமி குத்தம்பார். நீ ஆத்தங்கரைலேர்ந்து வந்து சொல்லுவேன்னு வாசல்லயே நின்னேன். நீ என் முகத்தைப் பாக்காம உள்ள போனப்பவே, பிரிச்சுட்டேன்னு தெரிஞ்சுடுத்து.”

இத்தனை வருஷமும் நான் ஒருத்தி மட்டும் சுமந்ததாக நினைத்த விஷயம், அவள் வாசலில் நின்று காத்திருந்த விஷயம்.

“நீ எங்கயும் போகப்போறதில்லைடி. அவருக்கு நோட்டு, நோக்குக் கம்ப்யூட்டர். அவர் பகவான் தலைல போட்டார், நீ என் தலைல போடறே” என்றாள். “எந்த ஊரானாலும் நேக்குச் சரி. அப்பவும் அதைத்தான் சொன்னேன். போன வாரம் நீ கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன்.”

மேசையில் மடிக்கணினி மூடியபடி இருந்தது. அதற்குள், நாளையோடு மூடப்போகும் லிங்கில், இரண்டு ஊர்ப் பெயர்களும் பக்கத்தில் இன்னும் குறி வைக்காத இரண்டு வட்டங்களும் இருந்தன. அம்மா எழுந்து சமையலறைக்குப் போகவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் டீச்சரைப் போலத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பிரித்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.