அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த கை

வசந்தா, இதை யாருக்கும் காட்டாதே. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று அம்மா என்னை ராயப்பேட்டைக்குக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள்.

பரிசோதிக்கும் டாக்டரம்மா ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா விரலைத் தூக்கும்மா" என்றார். வகுப்பில் நீ கை தூக்குவதைப் பார்த்து நானும் தூக்குவேனே, அப்படித்தான் செய்தேன். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவர் கை பொத்தானை அழுத்துவது தெரிந்தது.

அவர் சிரித்துவிட்டு என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன்டி விரலைத் தூக்கலை?" என்றாள் அம்மா.

"சத்தமே வரலையேம்மா."

காது மிஷின் மாட்ட வேண்டுமாம். வகுப்புக்கு எப்படி வருவேன்? பஸ்ஸில் அம்மா எதுவும் பேசவில்லை. பேசினாளோ என்னவோ.

வராத சத்தத்தையும் கேட்காத சத்தத்தையும் நீ எப்படிடி பிரித்துத் தெரிந்துகொள்கிறாய்? நாளைக்குச் சொல்லு.

தாழ்ப்பாள் ஆடுகிறது. யாரோ ரொம்ப நேரமாகத் தட்டிக்கொண்டு